லூசியின் எடை

மயூர் விஹாரில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே நிற்கும் வண்டிகளில் ஒன்று மட்டும் எப்போதும் மரக்கட்டைகளின் மேல் ஏறி நிற்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவை அடைக்கலசாமியுடையவை. அரசாங்க வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தரைத்தளத்தில் அவர், முதல் மாடியில் நான். எதையும் அளக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்றால் மொட்டை மாடிக்கு ஏறி, குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். சொசைட்டிக் கூட்டங்களில் இதற்காகவே அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அவர் மனைவி லூசி நர்ஸாக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்கூட்டர் சறுக்கி முதுகெலும்பு முறிந்தது. அதிலிருந்து பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிதான். நாற்காலியோடு அப்படியே ஏற்றுவதற்காக அடைக்கலசாமி ஒரு பழைய வேனை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி, சரிவுப் பலகை வைத்தார். வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை. லூசி வீட்டை விட்டு வெளியே போவது இவ்வளவுதான்.

பள்ளங்களில் தூக்கிப் போடக் கூடாது என்று பட்டைகளாக அடுக்கிய பின்சக்கர ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றினார். வண்டி பின்னால் தழைந்தது. தழைந்ததைத் தூக்க இரும்புக் கட்டைகளைச் செருகினார். உயரம் வந்தது, கூடவே நடுக்கமும் வந்தது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்தரை உதறும். லூசிக்கு அது நேராக முதுகில் போய் இறங்கும்.

காரணம் அவருக்குத் தெரியும். கியர்பாக்ஸிலிருந்து, பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரென்ஷியலுக்கு ஒரு நீளத் தண்டு போகிறது. அதன் இரண்டு முனைகளிலும் சாய்வு ஒன்றாக இருந்தால் தண்டு அமைதியாகச் சுற்றும், இல்லாவிட்டால் உதறும். டிஃபரென்ஷியல் ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் இடத்தை அவர் அறுத்து, அதன் மூக்கைக் கொஞ்சம் நிமிர்த்தி, திரும்ப வெல்டிங் செய்தார். தனியாக ஓட்டிப் பார்த்தார். பின்தரையில் ஃபோனை ஒட்டிவைத்து அதிர்வைப் பதிவும் செய்தார். கோடு நேராக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை லூசி ஏறினார். வண்டி உதறியது.

ஓட்டுபவர் சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் இரைந்துகொண்டிருப்பதால் அடைக்கலசாமிக்கு அது தெரியவில்லை. இன்னொரு முறை அறுத்து ஒட்டினார். ஃபோனில் கோடு இன்னும் நேராக வந்தது. லூசி மறுபடியும் உதறுகிறது என்றார். சரிவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நான் அருகில்தான் நின்றேன்.

"வண்டில ஒண்ணுமில்ல லூசி. அளந்தாச்சு. எல்லாம் உன் மனசுதான்" என்றார் அடைக்கலசாமி.

எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. லூசி குரலை உயர்த்தவில்லை.

"அச்சா. இனிமே நான் வரல. பூசைய டிவில பாத்துக்கறேன்."

சொன்னபடியே ஐந்து வாரம் வாசலைத் தாண்டவில்லை. பிசியோதெரபியும் நின்றது. கால்கள் விறைத்துக்கொண்டே வருவதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அடைக்கலசாமியோ தினமும் வேனுக்கு அடியில் கிடந்தார்.

என் குளியலறைத் தண்ணீர் அவர்கள் வீட்டுக் கூரையில் கசிவதைப் பார்க்க ஒருநாள் போயிருந்தேன். லூசி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கணவரிடம் நீட்டினார். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. தேதி, எந்த மேம்பாலத்தில் உதறியது, ஏறும்போது வலி பத்துக்கு எத்தனை, இறங்கும்போது எத்தனை. மூன்று, ஏழு. மூன்று, எட்டு. வார்டில் எழுதுவது போலவே கோடு போட்டு எழுதியிருந்தார். அடைக்கலசாமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"நீங்க அளக்கறப்ப வண்டில யாரு இருந்தா?" என்று கேட்டார் லூசி.

"யாருமில்ல. காலி வண்டியத்தான் அளக்கணும். பட்டறைல அதான் முறை. உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

"ஆளில்லாத கட்டிலுக்கு டெம்பரேச்சர் பாத்து நார்மல்னு எழுதியிருக்கீங்க."

நாற்காலியும் ஆளுமாக நூற்றுப் பத்து கிலோ, அதுவும் நேராகப் பின்சக்கரத்தின் மேல். பட்டை குறைந்த ஸ்பிரிங் அமுங்கினால் வண்டியின் பின்பக்கம் இறங்கும், அதோடு கியர்பாக்ஸும் சாயும், தண்டின் இரண்டு முனைகளும் ஒத்துப்போகாது. முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவருக்கு இது தெரியாததல்ல. கண்ணெதிரே இருந்ததைக் கோட்டைவிட்டிருந்தார்.

மறுநாள் காலை லூசி வெளியே வந்தார். நாலு சக்கரமும் கட்டைகள் மேல் நின்ற வேனில் ஐம்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடைக்கலசாமி அடியில் கிடந்து அளந்தார்.

"வலிக்குதா லூசி?"

"இல்ல. நீங்க பாருங்க."

பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"ரெண்டரை டிகிரி வித்தியாசம் இருக்கு. நீ சொன்னதுதான் சரி."

"நோட்டுல எழுதிருங்க."

எழுதினார். லூசி ஏறியிருந்தபோது எடுத்த அளவுக்கே மூன்றாம் முறையாக அறுத்து ஒட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏறும்போது வலி மூன்று, இறங்கும்போதும் மூன்று. இப்போது லூசி பூசைக்குப் போகிறார், பிசியோதெரபிக்குப் போகிறார், சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு சுடிதாருக்காக அரைமணி நேரம் பேரம்கூடப் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

போன வாரம் காய்கறி வாங்க அடைக்கலசாமி கிளம்பினார். நானும் முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். மேம்பாலத்தில் வேகம் ஐம்பதைத் தொட்டதும் பின்னால் வைத்திருந்த காலிக் கூடை தடதடவென்று ஆடத் தொடங்கியது.

"என்ன சாமி, திரும்பவும் உதறுதே? சரிபண்ணலயா?" என்றேன்.

அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"வண்டி சரியாத்தான் சார் இருக்கு. லூசி இல்ல, அதான்."