முகம் பார்த்துப் பேசிய கூடம்

நெல்லித்தோப்பில் ஒரே சந்தில் வாடகைக்கு இருந்த நாலு குடும்பமும், அந்தச் சந்துக்குத் தினமும் மீன் கொண்டுவந்த அக்கா குடும்பமும் சேர்ந்து கருவடிக்குப்பத்தில் ஒரு மனை வாங்கினோம். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஐந்து சின்ன வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தின் ஓரத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து வீட்டுச் சமையலும் கூடத்துக்கு வந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டே பொது விஷயங்களைப் பேசுவோம்.

பேசுவோம் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். கடைசியில் யார் குரல் மிஞ்சுகிறதோ அவர் சொன்னதுதான் முடிவு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெரும்பாலும் என் குரல்தான் மிஞ்சும்.

சில வருடம் கழித்து ஒரு குடும்பம் பிரான்சில் இருந்த மகனிடம் போய்விட முடிவு செய்தது. "நீங்க யாரச் சொல்றீங்களோ அவங்களுக்கே வீட்டக் குடுக்கிறோம். கூட இருக்கப் போறது நீங்கதானே" என்றார்கள். இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருவர் என் கணவரின் அலுவலக நண்பர். எங்களைப் போலவே விழுப்புரம் பக்கத்து விவசாயக் குடும்பம், சர்க்கார் வேலை. இன்னொன்று ஓர் இளம் தம்பதி. அவன் அச்சகத்தில் ஷிப்ட் வேலை பார்த்தான். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. பேசுவாள், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு கூடத்தில் ஒரே சத்தம். என் கணவர் நண்பருக்காகப் பேசினார். "நம்மள மாதிரி ஆளுங்களா இருந்தா தொல்லை இல்ல. அந்தப் பொண்ண அவசரத்துக்குக் கூப்பிட்டாக்கூடக் கேக்காது."

மீன்கார அக்கா எழுந்து நின்றாள். "நான் வரேன்னு சொன்னப்பவும் இப்படித்தான் பேசுனீங்க. மீன் வாடை அடிக்கும்னீங்க. இப்ப ஞாயித்துக்கிழம ஆனா மொத ஆளா என் சட்டியத் தொறந்து பாக்குறது யாரு?"

 அப்போதும் என் கணவர் தட்டில் வஞ்சிரம்தான் இருந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம். வீடு அந்தத் தம்பதிக்கு என்று முடிவாயிற்று.

அவர்கள் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல நாங்கள் ஆரம்பித்தோம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது யார் முறை என்று நான் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம். அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலை இப்படியும் அப்படியும் திரும்பியது. பிறகு கையைத் தூக்கினாள்.

"ஒரு ஆள் பேசுங்க. என் பக்கம் பாத்துப் பேசுங்க. அப்பத்தான் எனக்குப் புரியும்."

கூடம் அப்படியே அடங்கிவிட்டது. முதலில் யார் பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்று தொட்டி விஷயம் முடிய வெகுநேரம் ஆனது. ஆனால் முடிந்த பிறகு யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அதுவரை கூடத்தில் வாயே திறக்காத அக்காவின் வீட்டுக்காரர்கூட அன்று இரண்டு வார்த்தை பேசினார். அவருக்கும் அபிப்பிராயம் இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் கணவர்தான் ரொம்பக் கஷ்டப்பட்டார். கை கழுவிக்கொண்டே முதுகைக் காட்டிக் குறை சொல்லுவது அவர் வழக்கம். அடுத்த வாரம் அப்படி ஏதோ முணுமுணுத்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்புவதைப் பார்த்துவிட்ட அந்தப் பெண் விடவில்லை. "முன்னாடி வந்து சொல்லுங்கண்ணா."

அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். எதிரே மீன்கார அக்கா. "காலையில கொழாயடியில மீன் கழுவுற தண்ணி..." என்று இழுத்தார்.

"வாய் அசையல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

"மீன் கழுவுற தண்ணி என் செருப்புல படுது."

"அட, இதத்தான் இத்தன நாளா டீச்சர் கிட்டச் சொல்லி அனுப்புனீங்களா? செருப்பத் தள்ளி வுடுங்க. நானும் தள்ளி உக்காந்து கழுவுறேன்" என்றாள் அக்கா. வருடக்கணக்கில் நான் தூது போன சண்டை அதோடு தீர்ந்தது.

எங்களில் மூத்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு முறையில் முசியே என்றுதான் கூப்பிடுவோம். தினமும் காலையில் முற்றத்தில் நின்று யாரைப் பார்த்தாலும் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லுவார். அந்தப் பெண் மட்டும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். பதில் சொல்லமாட்டாள். "மரியாத தெரியாத பொண்ணு" என்று அவர் என்னிடம் மனம் நொந்து சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அதை நேராகவே கேட்டுவிட்டாள். "முசியேவுக்கு மட்டும் ஏன்மா நீ பதில் சொல்றதில்ல?"

"அவருக்கு வாயே இல்ல. மீசதான் இருக்குது" என்றாள் அவள்.

சொன்னது உண்மை. உதட்டை முழுக்க மூடிக்கொண்டு தொங்கும் வெள்ளை மீசை அது. அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்குக் கலக்கமாகப் போய்விட்டது. "பட்டாளத்துல சேந்ததுல இருந்து வச்சிருக்கார். பொண்ணு கல்யாணத்துக்குக்கூடக் கத்திரி வைக்க விடல" என்றார் அவருடைய மனைவி. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தப்பாச் சொல்லிட்டனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மீசை இருந்தது, ஆனால் மேலுதட்டின் விளிம்பு வரை ஒழுங்காகக் கத்தரித்து, வாய் முழுசாகத் தெரிந்தது. நேராக அவள் முன்னால் போய் நின்று, "போன்ழூர்" என்றார்.

அவள் உற்றுப் பார்த்தாள். "பஞ்சா? எவ்ளோ வேணும்? தலகாணிக்கா?"

முசியேவின் மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு ஆடியது. அவர் மறுபடி மெதுவாகச் சொல்லிக் காட்டினார். அவள் மெய்யாகவே கஷ்டப்பட்டு, பெரிய குரலில் திருப்பிச் சொன்னாள். பிறகு, "ஒங்களுக்கு முன்பல்லு ஒண்ணு இல்ல முசியே" என்றாள். "அத மறைக்கத்தான் மீசைய வளத்தேன்" என்றார் அவர். அன்று அவர் சிரித்ததைப் போல அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒரே மாதிரி ஆட்களாக நாங்கள் இருந்திருந்தால் நிம்மதியாகத்தான் இருந்திருப்போம். ஆனால் கடைசி வரை கத்திக்கொண்டுதான் இருந்திருப்போம், அதில் குறை இருப்பதாகத் தோன்றியும் இருக்காது. அவளுக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டில் அதிக லாபம் எங்களுக்குத்தான். பள்ளிக்கூடத்தில்கூட நான் கரும்பலகையைப் பார்த்துப் பேசுவதை விட்டேன்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, தண்ணீர் மோட்டார் பழுதைப் பற்றிய பேச்சின் நடுவே கரண்டு போனது. முன்பெல்லாம் இருட்டிலும் கத்திக்கொண்டே இருப்போம். அன்று எல்லோரும் நாங்களாகவே பேச்சை நிறுத்தினோம். ஓட்டில் மழை விழுவது மட்டும் கேட்டது. மீன்கார அக்கா டார்ச்சைத் தேடி எடுத்து, தாடைக்குக் கீழே பிடித்துத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு, "மோட்டார் ரிப்பேருக்கு நாளைக்கே ஆளக் கூட்டியாறேன்" என்றாள். பார்க்கப் பேய் மாதிரி இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. டார்ச் முசியேவிடம் போனது, என் கணவரிடம் போனது. பேசுகிறவர் முகம் மட்டும் வெளிச்சத்தில் இருந்தது.

கடைசியில் அந்தப் பெண் கையை நீட்டி டார்ச்சை வாங்கினாள். அவள் பேசுவதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு வெளிச்சம் தேவையில்லை, காது கேட்கும். ஆனாலும் மற்றவர்களைப் போலவே தன் முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"இப்ப நான் பேசுறேன்" என்றாள்.