மாமா கச்சேரியில் வாங்கிக் கொடுத்த நியாயம்

மாமா இந்தக் கதையை எந்தக் கல்யாண வீட்டில் ஆரம்பித்தாலும் நான் எழுந்து பந்திக்குப் போய்விடுவேன். நுவரெலியாவில் நடந்த பெரிய கச்சேரியில் அக்காவைச் சும்மா உட்கார வைத்திருந்தார்களாம், இவர் போய் நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் வாசிக்க விட்டார்களாம். இத்தனை வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது, ஆனால் கண் நன்றாகத் தெரிந்தது.

அம்மாவின் அண்ணன் அவர். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் சங்கத்துத் தலைவர். யாருக்காவது வேலை கொடுக்கவில்லை, கொழுந்து நிறை குறைவென்று பாதிச் சம்பளம் போட்டுவிட்டார்கள் என்றால், துரையின் ஆபீஸ் வாசலில் போய் நிற்பது மாமாதான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டுக்குள்ளும் அவர்தான் தலைவர். என் காலுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்குவதாக இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

அக்கா அப்போதுதான் பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். கொட்டகலையில் அவள் படித்த பள்ளிக்கூடத்து பேண்டில் இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகளை மோதி அடிப்பது அவள் வேலை. கொழும்பிலிருந்து ஒரு இளைஞர் இசைக்குழு விடுமுறைக்கு நுவரெலியாவுக்கு வந்து பயிற்சி நடத்தியபோது, சங்கீத டீச்சர் பிடிவாதமாக அக்காவை அதில் சேர்த்துவிட்டார். வயலினும் குழலும் எக்காளமுமாக ஒரு கூட்டமே சேர்ந்து வாசிக்கும் மேல்நாட்டுச் சங்கீதம். பயிற்சியின் முடிவில் ஊர் மண்டபத்தில் கச்சேரி. அக்காவுக்கு விருப்பமென்றால் கொழும்பு விடுதியில் தங்கி, படித்துக்கொண்டே குழுவிலும் வாசிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கச்சேரியைப் பார்த்துவிட்டு மச்சான் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்றுவிட்டார். மாமா மீசையைத் தடவிக்கொண்டு, பார்ப்போம் என்றார். அக்காவின் கொழும்பு அந்த மீசையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கச்சேரியன்று வாடகை வேன் பிடித்துப் போனோம். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். மாமா மட்டும் பேச்சுவார்த்தைக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மேடையில் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கடைசி வரிசையின் ஓரத்தில் இருந்தாள். முதல் பாட்டு ஆரம்பித்தது. வயலின்காரர்கள் மாடாய் உழைத்தார்கள். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பாட்டு நீண்டுகொண்டே போனது. முடிந்துவிட்டதென்று அப்பா கையைத் தட்டினார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அது முடியவில்லை. இரண்டாவது பாட்டிலும் அக்காவின் கை மடியை விட்டு எழவில்லை. அம்மா கொண்டைப் பூவைச் சரிசெய்வதும் மேடையைப் பார்ப்பதுமாக இருந்தாள். மாமாவின் கால் ஆட ஆரம்பித்தது.

எங்கள் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். அங்கே எல்லோருக்கும் வேலை சொல்லிவிட்டு ஒரே ஒரு ஆளை மட்டும் நிறுத்தி வைத்தால், அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மாமாவின் கண்ணில் அந்த மேடை பெரட்டாகிவிட்டது.

“புள்ளைய நிறுத்தி வச்சிருக்காங்க” என்று அப்பாவின் காதில் சொன்னார். பின்னால் நாலு வரிசைக்குக் கேட்டது.

இடைவேளை விட்டதும் நான் கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பும்போது நடையில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கடைசிப் பாட்டு முழுக்க எனக்குத்தான்டி வேலை. அப்பாகிட்ட போய்ச் சொல்லு. மாமாவ மட்டும் எந்திரிக்க விடாத.”

நான் ஓடினேன். மாமா எழுந்துவிட்டிருந்தார். எழுந்து, நடந்து, கச்சேரியை ஏற்பாடு செய்த கொழும்புப் பெண்மணியை, அந்த நோனாவைக் கண்டுபிடித்து, தொழில் திணைக்கள அதிகாரிகளிடம் பேசும் சிங்களத்தை எடுத்து விட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பிள்ளை என்றுதானே இப்படி ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள், வேலை தெரியாத பிள்ளையா இது, இதை எங்கே பேச வேண்டுமோ அங்கே பேச எங்களுக்கும் தெரியும் என்றெல்லாம் சொன்னார். நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன். “மாமா, கடைசிப் பாட்டு…” என்று ஆரம்பித்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்றார். இன்னொரு தடவை இழுத்தேன். அம்மா வந்து என்னை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். அப்பாவிடம் சொன்னேன். அப்பா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வருவது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

பாவம் அந்த நோனா, கையைக் கூப்பினார். கடைசிப் பாட்டில் உங்கள் பிள்ளை கட்டாயம் வாசிப்பாள், கவலைப்படாதீர்கள் என்றார். வேறென்ன சொல்வார்? அதுதானே நடக்க இருந்தது. மாமா கோட்டை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“பேசிட்டேன். கடைசியில குடுப்பாங்க.”

கடைசிப் பாட்டு படை நடக்கிற மாதிரி ஆரம்பித்தது. அக்கா எழுந்து நின்றாள். இரண்டு தட்டையும் தூக்கினாள். முதல் அடி விழுந்ததும் என் நெஞ்சுக்குள் எதுவோ குதித்தது. பிறகு அவள் ஓயவே இல்லை. அத்தனை வயலினும் ஏறி ஏறி வந்து ஒரு இடத்தில் நிற்கும், அந்த இடத்தில் சரியாக அக்கா இருந்தாள். மண்டபமே அவளைத்தான் பார்த்தது. அப்பா வாயைத் திறந்தபடி இருந்தார். அம்மா அழுதாள். மாமா மேடையைப் பார்க்கவே இல்லை. சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்து ஒவ்வொருவருக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரவாயில்லை, அக்கா வரட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். அவளே சொல்லுவாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் டவுனைத் தாண்டியதும் அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பி, மாமா பேசியதால்தான் கொடுத்தார்களா என்று கேட்டார். மாமா ஒன்றும் தெரியாதவர் போல ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். போடு, நன்றாகப் போடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“ஆமாப்பா” என்றாள் அக்கா. “மாமா பேசலன்னா இன்னைக்குப் பூரா சும்மாதான் உக்காந்திருப்பேன்.”

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். சும்மா கிள்ளு இல்லை, உயிர் போய் வந்தது.

மாமா தொண்டையைச் செருமினார். மோசமான ஆட்கள் இல்லை, சொன்னால் கேட்கிறார்கள் என்றார். பிறகு அப்பாவிடம் சொன்னார்.

“போகட்டும் மச்சான். ஏதும்னா நான் பேசிக்கிறேன்.”

அப்பா சரி என்றார். அவ்வளவுதான், அக்கா கொழும்புக்குப் போவது முடிவாகிவிட்டது. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அக்காவைப் பிரியப் போகிறேனே என்று அழுவதாக எல்லோரும் நினைத்தார்கள். மாமா நானுஓயாவில் வேனை நிறுத்தி, எனக்கு வடை வாங்கிக் கொடுத்துக் கண்ணீரையும் துடைத்துவிட்டார். வடையைத் தின்றுகொண்டே அழுதேன். அத்தனை பேர் பார்க்க நின்று அடித்தவள், அந்தப் பெருமையைத் தூக்கி இவருடைய கோட்டுப் பையில் போட்டுவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

தலவாக்கலை வரைக்கும் அக்கா கிள்ளிய இடத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தேன். அந்த வேனில் ஜெயித்து உட்கார்ந்திருந்தது அவள்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.