கேத்தல் தண்ணீரும் என் உத்தரவும்

போன மாதம் வரை என் வீட்டு அலமாரியில், ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த கடிகாரத்துக்குப் பக்கத்தில், அன்றே அங்கிருந்து எடுத்துவந்த, மூக்கு நசுங்கிய அலுமினியப் பாத்திரம் ஒன்று இருந்தது. நான் அதைக் கெண்டி என்பேன். அதன் சொந்தக்காரர் கேத்தல் என்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்து, கொடைக்கானல் மலையில் கல் சுமந்து, பிறகு பன்னிரண்டு பேரைக் கட்டி மேய்க்கும் மேஸ்திரியானவர். எல்லோருக்கும் அவர் மேஸ்திரியம்மா. பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. அதை முழுதாக நான் ஒரே ஒரு முறைதான் எழுதியிருந்தேன், அவரை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவில்.

மோட்டார் சாலை வருவதற்கு முன் அடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறிவந்த பழைய பாதை ஒன்று எங்கள் மலையில் உண்டு. புதர் மூடிக் கிடந்த அதை நடைப்பயணிகளுக்கும் குதிரைச் சவாரி செய்பவர்களுக்கும் சீரமைத்துத் திறப்பது என்று முடிவாகி, கோப்பு என் மேசைக்கு வந்தது. நான் கண்காணிப்பாளர். எந்தத் தாள் எந்தத் தாளுக்கு முன்னால் போக வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு மலைப்பாதை எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

அந்தப் பாதையின் குறுக்கே, பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாக, சாய்வாகப் பதித்த கல்வரிசைகள் இருந்தன. மண்ணில் புதைந்திருந்தவற்றை மேஸ்திரியம்மா தோண்டி எடுத்து மறுபடியும் நட்டார். ஒரு வரிசை முடிந்ததும் கேத்தலில் ஓடைத் தண்ணீர் மொண்டு வந்து, பாதையின் நடுவில் ஊற்றி, குத்தவைத்துப் பார்ப்பார். தண்ணீர் கல்லில் முட்டி ஓரமாக ஒதுங்கி இறங்கினால் சரி. கல்லைத் தாண்டிப் பாதையோடு ஓடினால், பிடுங்கி மறுபடி நட வேண்டும். இதை நான் மூன்று முறை நேரில் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'பணி நேரத்தில் தொழிலாளர்கள் வழிபாட்டில் ஈடுபடுகின்றனர்' என்று அறிக்கை எழுதினேன்.

திறப்பு விழாவுக்கு மேலதிகாரி குதிரையிலேயே வருவார் என்று தகவல் வந்தது. மதிப்பீட்டைப் புரட்டினேன். அதில் சமதளம் என்று இருந்தது, குறுக்குக் கல் என்று எதுவும் இல்லை. குதிரையின் கால் இடறும், ஆகவே கற்கள் இடையூறு, உடனே அகற்றவும் என்று கடிதம் போட்டேன். நான் அதுவரை குதிரை ஏறியதில்லை.

"குதிரை பாத்துக் காலைத் தூக்கி வைக்கும் ஐயா. தண்ணிதான் பாத்து எறங்காது. இந்தக் கல்லை எடுத்தீங்கன்னா மழைக்குப் பாதையே வாய்க்காலாப் போகும். கீழ எங்க லயம் கெடக்குங்க" என்றார் மேஸ்திரியம்மா. கடைசி வளைவுக்கு நேர் கீழே இருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய எட்டு வீடுகளைத்தான் அவர்கள் லயம் என்றார்கள்.

"எழுத்துமூலமாகக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம்" என்றேன். அவர் கைநாட்டு என்பது தெரிந்துதான் சொன்னேன்.

"எழுதத் தெரிஞ்சா ஒங்க சோலியை நான் பாத்திருப்பேனே ஐயா, கல்லு சொமக்கவா வந்திருப்பேன்?" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். மறுநாள் அவர் கடப்பாரையைத் தொட மறுத்தார். மாலைக்குள் உத்தரவு தயாராகிவிட்டது. கைநாட்டு வைத்துவிட்டுக் கேத்தலை என் மேசைமேல் வைத்தார். "இது ஒங்ககிட்டயே கெடக்கட்டும். என்னைக்காவது ஊத்திப் பாருங்க." அதை 'உரிமை கோரப்படாத பொருள், ஒன்று' என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன்.

வேறு ஆட்கள் ஒன்பது நாளில் பெரும்பாலான கற்களைப் பெயர்த்துவிட்டார்கள். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் மழை பிடித்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். பாதை இல்லை. இடுப்பளவு பள்ளம் ஒன்று நேராகக் கீழே போயிருந்தது. கடைசி வளைவில் அது திரும்பாமல் லயத்தின்மேல் குதித்திருந்தது. நான்கு வீடுகளுக்குப் பின்சுவர் இல்லை. ஒரு வீட்டின் உத்தரத்தில் குழந்தையின் சேலைத்தூளி தொங்கியது. அதன் வாய் வரைக்கும் சேறு. சேற்றில் ஒரு கல். கல்லில் கடப்பாரையின் தழும்பு புதிதாக இருந்தது. லயத்து ஆட்களைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

முதல் தூறலிலேயே மேஸ்திரியம்மா எல்லோரையும் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். அதனால்தான் தூளியில் குழந்தை இல்லை. மூட்டை முடிச்சுகளோடு அங்கே நின்றவர் என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணிக்கும் ஒங்க உத்தரவு கெடைச்சிருச்சு போலங்க ஐயா. எங்கயும் ஒதுங்காம நேரா வந்துருச்சு." பிறகு குடும்பத்தோடு பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் 'எதிர்பாராத கனமழை' என்று எழுதிக் கோப்பை மூடினேன். கல்லை எடுக்கச் சொன்ன கடிதத்தை ரத்து செய்யவில்லை. ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டும்.

போன மாதம், அந்தப் பாதையை மறுபடி சீரமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய கற்களில் மிஞ்சியவற்றைக் கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொல்லி, நிறுத்தச் சொன்னேன். சூப்பர்வைசர் மரியாதையாகத் தன் செல்போனை நீட்டினார். "சார், நீங்கதானா அது? ஒங்க லெட்டரை வச்சுத்தான் சார் எடுக்குறோம்." திரையில் என் கையெழுத்து. கீழே லயத்தில் இப்போது பதினாறு வீடுகள்.

"அது தப்பான கடிதம்" என்றேன்.

"கேன்சல் பண்ணின ஆர்டர் இருந்தாக் குடுங்க சார், இப்பவே நிறுத்திடுறோம். ரிட்டனா வேணும். ஒங்களுக்குத் தெரியாததா?"

மறுநாள் காலையிலேயே கேத்தலோடு போனேன். கல் எடுத்த இடத்தில் நின்று ஊற்றினேன். தண்ணீர் என் செருப்பை நனைத்து, சூப்பர்வைசரின் பூட்ஸுக்கு நடுவே புகுந்து, எந்தப் பக்கமும் ஒதுங்காமல் வீடுகளைப் பார்த்து இறங்கியது. அவர் அதைப் பார்த்தார், பிறகு கீழே கூரைகளைப் பார்த்தார். அவரிடம் ஒரு தாள் வாங்கி, பாறைமேல் வைத்து எழுதினேன்: இந்தக் கற்கள் இடையூறு அல்ல, என் கடிதம் தவறு, சரியாகச் சொன்னவர் இவர். இரண்டாவது முறையாக மேஸ்திரியம்மாவின் பெயரை முழுதாக எழுதினேன். ஓய்வுபெற்றவன் போடும் ரத்து செல்லாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

"சீல் இல்லையே சார்" என்றார் அவர். மறுபடியும் கூரைகளைப் பார்த்துவிட்டு, "மேல கேக்குற வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்" என்றார்.

காற்று தாளைத் தூக்கியது. கேத்தலை அதன்மேல் வைத்துவிட்டு வந்தேன்.