அடுத்த அறைக்காரரின் அழைப்புமணி

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வந்து ஏவன்டேலில் நாங்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில் அவர் அடுத்த அறைக்காரர். நெடிய மனிதர். விரல்நுனிகள் எப்போதும் தேயிலைச் சாயம் பட்டதுபோல் இருக்கும். செம்பைக் கரைக்கும் மருந்தின் கறை அது.

ஞாயிறு மத்தியானங்களில், பளபளப்பான தாளில் போட்டோகொப்பி எடுத்த மின்சுற்றுப் படத்தைச் செம்புப் பலகையில் கவிழ்த்து, உடுப்புத் தேய்க்கும் என் அயன்பொக்ஸால் சூடாக அழுத்துவார். மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஐஸ்கிரீம் டப்பாவில் மருந்தை ஊற்றி, பலகையை அமிழ்த்தி, தொட்டில்போல ஆட்டிக்கொண்டே இருப்பார். வெளியே மழை பெய்யும். மை படாத செம்பெல்லாம் மெல்லக் கரைந்துபோக, கோடுகள் மட்டும் மிஞ்சும். நானும் அரைத்தூக்கத்தில்போலப் பார்த்து நிற்பேன்.

“என்னண்ணை செய்யிறியள்?”

“கோலிங் பெல். மனுசிக்கு விசா வந்திட்டா, அவ வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிக்கக்கூடாது.”

மணி தயாரான அன்று, வெளியே போய் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினேன். உள்ளே குருவி கத்துவதுபோல் ஒலித்தது. கதவு திறக்கவில்லை. தூறலில் நெடுநேரம் நின்றேன்.

திறந்தபோது தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். அவசரத்தில் அதே அயன்பொக்ஸால் தேய்த்திருக்கிறார். கொலரில் கறுப்பு மைக்கோடுகள்.

“கேட்டுதோ அண்ணை?”

“ஓம்,” என்றார், என் தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தபடி.

அடுத்த மாதம் நான் வீடு மாறினேன். அவர் மனைவி வந்தாரா என்று தெரியாது. இப்போதும் எந்த வீட்டு மணியை அழுத்தினாலும், கதவு திறக்கத் தாமதமானால் எனக்குக் கோபம் வருவதில்லை.