மூக்குப் பரேடு

எங்கள் கட்டிடத்து லிஃப்டைத் துடைக்கப் புதிதாக ஒரு நேபாளக்காரர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் தாராளமான கை. நேற்று காலை டூட்டிக்குக் கிளம்பினேன், லிஃப்ட் கதவு திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. எல்லார் வீட்டிலும் பாத்ரூம் அலமாரியில் ஒரு பாட்டில் இருக்குமே, பழுப்பு நிறத்தில், தண்ணீரில் ஊற்றினால் பாலாக வெளுக்கும் மருந்து, அதுதான். பெயர் வேண்டாம், உங்கள் மூக்குக்கே தெரியும். நான் ஏறாமல் நின்றேன். கதவு தானாக மூடிக்கொண்டது. அத்தனை மாடியையும் படிக்கட்டில் இறங்கினேன். இந்தத் தொப்பையோடு அது லேசுப்பட்ட காரியமில்லை. மனைவியிடம் உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டேன். உங்களிடம் என்ன மறைப்பது, பயம்.

அந்த வாசனை வந்தால் முவைலா ரூம் வந்துவிடும். சார்ஜா முவைலாவில் அப்போது ஒரே ரூமில் ஆறு பேர் இருந்தோம். இரட்டை அடுக்குக் கட்டில்கள், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஜன்னல். நான் ஏசி மெக்கானிக். எனக்கு மேல் கட்டிலில் முருகேசன், புதுக்கோட்டைப் பக்கம், சைட்டில் சாரம் கட்டுகிற வேலை. என் வயதுதான், மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மூத்தவர் அந்தோணி அண்ணன், தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். ரூமுக்கு அவர்தான் சமையல், அவர்தான் சட்டம்.

கொரோனா வந்தது. சைட்டெல்லாம் மூடிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் ஈ காக்கா கிடையாது. சிக்னல் மட்டும் யாருமில்லாத ரோட்டுக்குப் பச்சையும் சிவப்பும் காட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது வழக்கமில்லாத ஒரு வரி புதிதாகக் கேட்டது. எங்கள் நாத்தூரிடம், இங்கே வாட்ச்மேனை அப்படித்தான் சொல்வோம், அது என்ன என்று கேட்டேன். பள்ளிக்கு வராதீர்கள், வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்கிறார்கள் பாய், நானே என் வயதுக்கு இதைக் கேட்டதில்லை என்றார். அதன் பிறகு அந்த வரி வரும்போதெல்லாம் எங்கள் ரூமில் பேச்சு நின்றுவிடும்.

பக்கத்து ரூமிலிருந்து ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் செருப்பு கதவுக்கு வெளியே அப்படியே கிடந்தது. யாரும் தொடவில்லை. சாமான் வாங்கப் போகிறவர்கள் அதைச் சுற்றி வளைந்து போனோம். ஆள் நன்றாகத்தான் இருந்தார், வேறு கேம்ப்பில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அது பிற்பாடு தெரிந்த சங்கதி. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செருப்பு இருக்கிறது, ஆள் இல்லை என்பதுதான்.

மூக்கில் வாசனை போனால் அந்த நோய்தான் என்று யாரோ சொன்னார்கள் இல்லையா, உடனே அந்தோணி அண்ணன் ஒரு சட்டம் போட்டார். தினமும் காலையில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் ஒரு டப்பாவைத் திறந்து ஒவ்வொரு மூக்குக்கும் கீழே நீட்டுவார். ஒருநாள் காப்பிப் பொடி, ஒருநாள் சீரகம், ஒருநாள் ரசப்பொடி. என்னவென்று சொல்ல வேண்டும். நான்தான் அதற்கு மூக்குப் பரேடு என்று பெயர் வைத்தேன். வெளியே சிரித்தேனே தவிர, ராத்திரியெல்லாம் என் தலையணையை நானே மோந்து பார்த்துக்கொண்டு கிடந்த ஆள் நான். முருகேசன் எப்போதும் வரிசையில் கடைசியில் நிற்பான். ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

சைட் மூடியிருந்ததால் துடைக்கிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான். கதவுப் பிடி, ஸ்விட்ச், கடையிலிருந்து வரும் சாமான் எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரால் துடைத்துத்தான் உள்ளே விடுவான். தக்காளியைக்கூட அதிலேதான் கழுவினோம். சிரிக்காதீர்கள், அன்றைக்கு நீங்கள் பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டவில்லையா? அளவெல்லாம் யார் பார்த்தார்கள்? மூடியால் அளந்து ஊற்று என்று பாட்டிலின் முதுகில் எழுதியிருக்கும். எங்களுக்கு மூக்குதான் அளவு. ஊற்றி, மோந்து பார்த்து, வாசனை வந்தால் போதும் என்று நிறுத்துவது. ஸ்பிரே பாட்டில் உடைந்துபோனதும் காலி லபன் பாட்டிலைக் கழுவி அதில் கலந்து வைத்தான். லபன் என்றால் இந்த ஊர் மோர். டூட்டி முடிந்து வந்தால் ஆளுக்கு ஒரு பாட்டில் குடித்தால்தான் எங்களுக்கு உயிர் வரும்.

போகப் போக ரூமில் நெடி ஏறியது. முதலில் கண் எரிந்தது. பிறகு சோற்றில் அந்த வாசனை, சட்டையில் அந்த வாசனை, கனவில்கூட அந்த வாசனை. குறைத்து ஊற்றேன் என்றால் முருகேசன் ஆச்சரியமாகப் பார்ப்பான். கம்பெனிக்காரன் கலப்படம் பண்ணுகிறான், முன்னே மாதிரி வாசனையே இல்லை என்பான். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவான். அவன் விரலெல்லாம் தோல் உரிந்து, வெள்ளை வெள்ளையாக நின்றது. எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

ஒரு காலை பரேடில் எனக்குக் குறும்பு. டப்பா என் மூக்குக்கு வந்தது, சுத்தமான காப்பிப் பொடி. சீரகம் என்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் போனார். அவரும் என் கூட்டாளிதான், சீரகம் என்றார். கடைசியில் முருகேசன். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"சீரகம்ண்ணே. நல்லா வறுத்த சீரகம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் நடிக்கிறான் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அந்த முகத்தில் கேலி இல்லை. இல்லாத ஒன்றை அவன் மோந்துகொண்டிருந்தான்.

மற்றவர்கள் பல் விளக்கப் போனதும் அவனை ஃப்ரிட்ஜ் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு தலையணைக்கடியிலிருந்து ஒரு ஜிப் கவரை எடுத்தான். அந்தக் கவர் ரூமுக்கே தெரியும். அவன் இங்கே வந்த பிறகுதான் ஊரில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மகளை அவன் இன்னும் பார்த்ததில்லை. குழந்தையைச் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணி ஒன்றை, துவைக்காமல், கவருக்குள் போட்டு அவன் மனைவி ஆள் வசம் கொடுத்துவிட்டிருந்தாள். டூட்டி முடிந்து வந்ததும் கவரைத் திறந்து ஒரு தடவை மோந்துவிட்டு மூடிவிடுவான். நாங்கள் கேலி பண்ணுவோம். அவன் கண்டுகொள்ளவே மாட்டான்.

"ஒரு நாள் தெறந்து பாத்தேன், ஒண்ணுமே இல்ல மாப்ள. துணியில வாசம் போயிருச்சுன்னு நெனச்சேன். அப்பறந்தான் பாத்தேன், சோத்துலயும் இல்ல, சோப்புலயும் இல்ல."

வெளியே சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பக்கத்து ரூம்காரன் திரும்பி வந்தானா என்று கேட்டான். மகளைப் பார்க்காமல் செத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டான். எனக்குத் தெரிந்துவிட்டதே என்ற பதற்றத்தில் அவன் தொண்டை வறண்டுபோனது. பேசிக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்து லபன் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான்.

எனக்கு வாசனை வந்துவிட்டது. லபன் வாசனை இல்லை. சாமான் துடைத்துவிட்டு ஞாபகமில்லாமல் மருந்துப் பாட்டிலையும் உள்ளே வைத்திருக்கிறான். அதே பாட்டில், அதே வெள்ளை. நான் எட்டித் தட்டுவதற்குள் மடக் மடக்கென்று குடித்துவிட்டான். அவன் முகம் மாறவே இல்லை, அதுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது. வாயைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். பிறகு தொண்டையைப் பிடித்தான்.

"எரியுதே. லபன் புளிச்சிருச்சு போல."

அவன் கையாலேயே நாளுக்கு நாள் கெட்டியாகக் கலந்த மருந்து அது. நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள். அந்தோணி அண்ணன் ஒரு சொம்பில் உப்பைக் கரைத்துவிட்டார், குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று. இன்னொருவர் தொண்டைக்குள் விரலை விடப் பார்த்தார். அண்ணனின் தங்கை செலின் அக்கா அல் ஐனில் நர்ஸ். நான் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வாந்தி எடுக்க வெச்சிராதிய. மேல வந்தா நெஞ்சுக்குள்ள எறங்கிரும், அதுதான் ஆளக் கொல்லும். வாயக் கொப்பளிக்கச் சொல்லுங்க. ஆம்புலன்ஸக் கூப்புடுங்க. அந்தப் பாட்டிலும் கூடப் போவணும்."

அண்ணன் சொம்பைக் கீழே வைத்தார். அக்கா லைனிலேயே இருந்தார். உட்கார வையுங்கள், படுக்கப் போடாதீர்கள், தூங்கவிடாமல் பேச்சுக் கொடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் அழுகையும் கோபமுமாகத் திட்டினார். மோர் பாட்டிலில் மருந்தை ஊற்றுவீர்களா, தக்காளியை அதில் கழுவுவீர்களா, அது புண்ணைச் சுற்றித் துடைக்கவும் தரையைத் துடைக்கவும் வந்தது, அதையும் அளந்து தண்ணீர் விட்டுத்தான் தொட வேண்டும், அவன் கைத்தோல் வெந்துபோனதுகூடவா உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று. ஐந்து தடிமாடுகளும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

ஆம்புலன்ஸ் வந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பில் இரண்டு பேர், முகம் தெரியவில்லை. எதற்குப் பயந்து இவ்வளவு நாள் வாசனை வருகிறது என்று நடித்தானோ, அதுவே வாசலில் வந்து நின்றது. முருகேசனுக்குக் குரல் போய்விட்டது. கவரை என் கையில் திணித்து, தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான். மோந்து பார்த்துச் சொல் என்கிறான். மாஸ்க்கை இறக்கி மோந்தேன். எனக்கு மருந்து வாசனை தவிர ஒன்றும் தெரியவில்லை. அது துணியிலிருந்து வருகிறதா, ரூமிலிருந்தா, என் மூக்குக்குள்ளிருந்தே வருகிறதா என்றும் தெரியவில்லை. அதற்குள் அவனை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் செருப்பு கதவுக்கு வெளியே கிடந்தது.

அன்று சாயங்காலம் நாத்தூர் மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிட்டார். மேலே காற்று அனலாக இருந்தாலும் சுத்தமாக இருந்தது. கீழே தெரு முழுக்க வெறிச்சோடிக் கிடந்தது. பாங்கு சொன்னார்கள், அந்த வரியும் வந்தது. அது முடிகிறவரை காத்திருந்து கவரைக் கொஞ்சமாகத் திறந்தேன். பாலும் பவுடரும், லேசாக மூத்திரமும். பிள்ளை வாசனை, அப்படியே இருந்தது. அத்தனை மருந்து நெடிக்கு நடுவிலும் அந்தக் கவருக்குள் ஒரு குழந்தை பத்திரமாக இருந்திருக்கிறது. நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். சட்டென்று கவரை மூடிவிட்டு, இருக்கு மாப்ள என்று அவன் போனுக்கு வாய்ஸ் அனுப்பினேன். நீலக் குறி விழ ரொம்ப நாளானது.

பிழைத்துக்கொண்டான். குரல் மட்டும் கரகரத்துப் போனது. ஃப்ளைட் விட்டதும் நேராக ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. மூக்கும் திரும்பவில்லை. டாக்டர்கள் வரும் வரும் என்றார்கள், சில பேருக்கு வந்தது, இவனுக்கு வரவில்லை.

முவைலா ரூமை இப்போது உடைத்துக் கட்டி, ஃபேமிலிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். எதிர்ப் பள்ளியில் பாங்கு பழையபடி ஆகிவிட்டது. அந்த மருந்தேகூட இப்போது எலுமிச்சை வாசனையில், ரோஜா வாசனையில் வருகிறது. அந்தோணி அண்ணன் ஊரில் பேரனோடு இருக்கிறார், பரேடு வைக்க ஆளில்லை.

போன லீவில் முருகேசனைப் பார்க்கப் போனேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். டீ கொடுத்துவிட்டு அவன் பீரோவிலிருந்து அந்தக் கவரை எடுத்துவந்தான். ஆம்புலன்ஸ் நாளில் என்னிடம் கொடுத்த அதே கவர், அவன் ஊருக்குக் கிளம்பும்போது நான்தான் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு லீவுக்கும் என்னிடம்தான் நீட்டுவான். வீட்டில் யாரிடமும் கேட்பதில்லை.

"பாத்துச் சொல்லு மாப்ள."

திறந்து மோந்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் மோந்தேன். பீரோ வாசனைகூட இல்லை, வெறும் துணி. தலையை நிமிர்த்தினால், அவன் வரிசையில் கடைசியில் நின்ற அதே முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கு," என்றேன். "பாலும் பவுடரும்."

அவன் கவரை வாங்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"ஆமா," என்றான்.