கோ அண்ட் கம்

"அம்மா, அவங்க வந்திருக்கும்போது நீ ரொம்பப் பேச வேண்டாம். சிரிச்சுக்கிட்டே இரு, போதும். நான் பார்த்துக்கிறேன். ஓகே, பை."

பெங்களூரிலிருந்து போனில் இப்படிச் சொன்னது என் மகள் கயல். யாரிடம் சொன்னாள்? வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்கள் காது புளிக்கப் புளிக்கப் பேசிக்கொண்டிருக்கும் என்னிடம்!

விஷயம் இதுதான். கயலும் அவளுடன் வேலை பார்க்கும் நிகிலும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்துவிட்டார்கள். நிகில் குடும்பம் புனேயில் இருக்கிறது. மராத்திக்காரர்கள். பேசி முடிக்க அவனுடைய அப்பாவும் அம்மாவும் காரைக்குடிக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு மராத்தியும் வராது, இந்தியும் வராது. மிச்சம் இருப்பது இங்கிலீஷ்தான்.

அங்கேதான் சிக்கல். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். மெயில் வந்தால் பதில் எழுதுவேன். இந்தப் பத்தியிலேயே வரிக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை போடுகிறேனா, இல்லையா? ஆனால் ஒரு ஆள் எதிரில் நின்று "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் போச்சு! நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஹேஸா ஹேவா என்று மனசுக்குள் பட்டிமன்றம் நடத்தித் தீர்ப்பு சொல்வதற்குள் எதிரில் நின்றவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.

கயல் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் வலித்தது. ஏனென்றால் வரப்போகிற அந்த அம்மாவிடம் எனக்குக் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. 'என் பிள்ளையை அடிக்கடி எங்களிடம் அனுப்பி வைப்பீர்களா?' இருப்பது ஒரே பெண். புனே என்ன, பக்கத்தில் இருக்கிற திருப்பத்தூர் மாதிரி டவுன் பஸ்ஸில் போய்விட்டு வருகிற தூரமா? இதைக்கூட என் வாயால் கேட்காமல் பொம்மை மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அல்லது கயலையே விட்டுக் கேட்கச் சொல்வதா — "ஆன்ட்டி, என்னை அடிக்கடி அனுப்பச் சொல்றாங்க எங்கம்மா" என்று?

மறுநாள் காலை காலேஜ் கிரவுண்டில் வாக்கிங் போகும்போது மும்தாஜிடம் புலம்பித் தீர்த்தேன். மும்தாஜ் கோட்டையூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். கணவர் மலேசியாவில். இவளும் கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு வந்தவள். இங்கிலீஷ் என்றால் அவளுக்குப் பயமே கிடையாது. இலக்கணமும் கிடையாது.

"இதுக்குப் போயி ஏங்க்கா மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வாரீக? அங்குட்டுப் பாருங்க. தெனமும் நம்மளப் பாத்துச் சிரிச்சுட்டுப் போவாகல்ல, கல்கத்தாக்கார அக்கா... அவுககூடப் பேசிப் பழகுவோம். தப்பாப் பேசுனா என்ன? அவுக என்ன நமக்குப் பரீட்சையா வைக்கப்போறாக?"

அந்தக் கல்கத்தாக்கார அக்காவின் பெயர் சோமா. இங்கே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவரின் மனைவி. கிட்டத்தட்ட என் வயது. நான் தடுப்பதற்குள் மும்தாஜ் அவளை மறித்துவிட்டாள்.

"ஹலோக்கா! யூ வாக் ஃபாஸ்ட். வீ வாக் ஸ்லோ. டுகெதர் வாக், கேன்?"

சோமாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காமல் எத்தனை மாதம் தனியாகச் சுற்றினாளோ! "கேன், கேன்!" என்றாள். மூன்று பேரும் நடந்தோம். அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள். நான் 'யெஸ்', 'நோ', 'வெரி குட்' — இந்த மூன்றை வைத்தே பொழுதை ஓட்டினேன். கடைசியில் சோமா வாட்சைப் பார்த்தாள். "ஓகே, ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனாள்.

கமிங் என்றால் வருகிறேன் என்றுதானே அர்த்தம்? நின்றோம்.

"வீட்டுல ஏதாச்சும் எடுத்தாரப் போயிருப்பாக" என்றாள் மும்தாஜ். வேப்பமரத்து நிழல் எங்களைவிட்டு நகர்ந்துகொண்டே போனது. நம்ம ஊர் வெயிலைப் பற்றித்தான் தெரியுமே... காலையிலேயே மண்டையைப் பிளக்கும். சோமா வரவே இல்லை. முதல் நாளே இப்படிக் காக்க வைக்கிறாளே, என்ன மரியாதை இது? எனக்கு அன்றைக்கு முழுக்க எரிச்சல்.

மறுநாள் அவள் ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு வந்தாள். 'ஏன் வரவில்லை?' என்று கேட்கலாமே என்கிறீர்களா? சண்டை போடுவதற்கும் இங்கிலீஷ் வேண்டுமே!

அன்றைக்கு கேஸ் சிலிண்டர் வருகிறது என்று வீட்டிலிருந்து போன். சீக்கிரம் கிளம்ப வேண்டும். சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, துணிந்து வாயைத் திறந்தேன்.

"சோமா, ஐ வில் கோ அண்ட் கம்."

என் வாழ்க்கையில் எதிரில் இருந்த ஒருவரிடம் நான் பேசிய முதல் முழு இங்கிலீஷ் வாக்கியம்! பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். சிலிண்டரை வாங்கி, இட்லி அவித்து, சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மும்தாஜிடமிருந்து போன்.

"அக்கா, எங்குட்டு இருக்கீக? சோமாக்கா இன்னும் பெஞ்சுலயே உக்காந்திருக்காக! கெளம்புங்கன்னா கேக்க மாட்டேங்கிறாக. நீங்க வருவீகன்னு சொன்னீகளாமே?"

அரைத்த சட்னியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சோமா வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"யூ டோல்டு, கோ அண்ட் கம்!"

அவ்வளவுதான். முந்தின நாள் அடக்கி வைத்தது எல்லாம் பொத்துக்கொண்டது எனக்கு. "யூ டோல்டு கமிங்! யெஸ்டர்டே! வீ ஸ்டாண்டிங், ஸ்டாண்டிங்... ஃபுல் சன்! மை ஹெட், ஃபயர்! யூ நோ கமிங்!"

மும்தாஜ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "அக்கா, நல்லாப் பேசுறீகளே!"

ஹேஸும் ஹேவும் எங்கே போயினவோ தெரியாது. பட்டிமன்றம் நடக்கவில்லை. வார்த்தைகள் அதுபாட்டுக்கு வந்தன. சோமா ஒரு நிமிஷம் முழித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நின்றதும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். அவர்கள் வங்காளத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்களாம். அபசகுனமாம். "ஆஷி" என்பார்களாம். அப்படியென்றால் 'வருகிறேன்'.

அட! நம் வீட்டில் மட்டும் என்னவாம்? யாராவது வாய் தவறி 'போறேன்' என்றால், 'போறேன்னு சொல்லாத, போயிட்டு வாரேன்னு சொல்லு' என்று அதட்ட மாட்டோமா? அதைத்தானே நான் வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் சொன்னேன்? 'போகிறேன்' என்று சொல்ல வாய் வராத இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு நாள் வெயிலில் காய்ந்திருக்கிறோம்!

எனக்கு அன்றைக்கு விட்டது பயம். இங்கிலீஷ் சோமாவுக்கும் சொந்த மொழி இல்லை. எனக்கும் இல்லை. இரண்டு பேரும் வாடகைக்குத்தான் இருக்கிறோம். அப்புறம் யாருக்கு யார் வெட்கப்படுவது?

அதற்குப் பிறகு தினமும் பேச்சுதான். கத்தரிக்காய் விலை, மூட்டுவலி, மாமியார்... எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் இடம் கொடுத்தது. இடிக்கிற இடமும் இருந்தது. வாரீக, போறீக என்று பேசிப் பழகிய வாய் இது. இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. தெருநாயை விரட்டவும் யூ, சம்பந்தியம்மாவுக்கும் யூ என்றால் எப்படி?

"கையைக் கும்புட்டுக்கிட்டே யூன்னு சொல்லுங்கக்கா, மரியாதை வந்துரும்" என்றாள் மும்தாஜ். நான் அதையும் செய்து பார்த்துக்கொண்டேன்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மூன்று பேரும் சேர்ந்தும் வாக்கியம் அமையவில்லை. 'ப்ளீஸ் செண்ட் மை டாட்டர்' என்று கூகுள் அண்ணாச்சி ரேஞ்சுக்கு மும்தாஜ் ஒன்று சொன்னாள். "ஷி இஸ் நாட் பார்சல்!" என்று சோமா அதை அப்போதே தள்ளுபடி செய்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

கயலும் நிகிலும்தான் பேசினார்கள். என் வீட்டுக்காரரும் நிகில் அப்பாவும் ரயில் டைமிங்கில் இறங்கிவிட்டார்கள். நானும் நிகில் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்தோம். மறுபடியும் சிரித்தோம். கன்னம் வலிக்கிற வரைக்கும் சிரித்தோம். இனிமேல் தாங்காது என்று கவுனி அரிசிக் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன்.

"கவுனி ரைஸ். கலர் பிளாக். பட் ஸ்வீட். யூ ஈட், ஐ ஹேப்பி." ஒரு கையில் கிண்ணம் இருந்ததால் கும்பிட முடியவில்லை.

கயல் கண்ணாலேயே என்னை அதட்டினாள். நிகில் அம்மாவோ கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, மகனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"மை இங்கிலீஷ் நாட் குட். நிகில் டோல்டு... ஆயி, ஒன்லி ஸ்மைல்!"

நான் சிரித்த சிரிப்பில் ஹாலில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆயி என்றால் மராத்தியில் அம்மா. அந்த வீட்டிலும் இதே உத்தரவுதானா? அப்புறம் எங்களை யார் நிறுத்துவது? கவுனி அரிசியில் ஆரம்பித்து அவருடைய முழங்கால் வரைக்கும் பேசிவிட்டோம்.

ஆனால் அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை. இந்தத் தடவை இங்கிலீஷ் தடுக்கவில்லை. கேட்டு, அவர் தயங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் தடுத்தது. அவர்கள் கிளம்பவும் எழுந்துவிட்டார்கள். போச்சு, கேட்காமலேயே விடப்போகிறேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிகில் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஓகே... வீ ஆர் கமிங்."

கயல் குழம்பிவிட்டாள். "ஆன்ட்டி, டிட் யூ ஃபர்கெட் சம்திங்?" என்று கேட்டுக்கொண்டே ஹேண்ட்பேக்கைத் தேட உள்ளே திரும்பினாள்.

எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. "இன் மராத்தி ஆல்ஸோ... நோ கோயிங்?"

"நோ, நோ! கோயிங் பேட் வேர்ட். வீ ஸே 'யேத்தோ'. கமிங்!"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்த வாக்கியத்தையும் யோசிக்கவில்லை. "மை டாட்டர் ஆல்ஸோ... யுவர் ஹவுஸ்... நோ கோயிங். கோ அண்ட் கம். ப்ளீஸ்."

அவருக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. என் கையை இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "யெஸ், யெஸ். கோ அண்ட் கம். மெனி, மெனி டைம். மை ப்ராமிஸ்."

அப்பாடா! கார் தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். நெஞ்சில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த கனம் இறங்கியது தெரிந்தது.

"அம்மா, அவங்க ஹேண்ட்பேக் எதையும் விட்டுட்டுப் போகலையே? ஏன் திரும்பி வரேன்னு சொன்னாங்க? நீங்க ரெண்டு பேரும் பேசினது என்ன இங்கிலீஷ்?" என்று கயல் என்னைக் குடைந்துகொண்டே இருந்தாள்.

பாவம், பிள்ளைக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வீக். சோமாவிடம் ட்யூஷனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.