அப்படியொரு புத்தகம் இல்லை

நான் பொய் சொன்னேன். என்னிடம் இருந்த ஒரு புத்தகத்தை, ‘அப்படியொரு புத்தகமே இல்லை’ என்று ஓர் அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தால் தேவி என்கிற பெண்ணின் படிப்பு போயிற்று.

மறதியால் சொல்லவில்லை. மிரட்டலுக்குப் பயந்தும் சொல்லவில்லை. என் புத்தகங்களை எனக்கே தேடத் தெரியாது என்பது வெளியில் தெரிந்துவிடக் கூடாதே என்று சொன்னேன். சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? சிரியுங்கள். எனக்கும் ஒரு காலத்தில் இது சின்ன விஷயமாகத்தான் தோன்றியது.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பரம்பரையாகக் கொஞ்சம் நிலம். நெல் போடுவோம், தண்ணீர் இல்லாத வருஷம் வேர்க்கடலை. ஆனால் வரப்பில் நின்ற நேரத்தைவிட நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். மின்னூல் சேர்ப்பது என் பித்து. எவர் வீட்டுப் பரணில் பழைய புத்தகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு நாள் இரவல் வாங்கி, பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஊரில் எனக்குப் பெயரே ‘பி.டி.எஃப். நைனா’. கேலிதான்... ஆனாலும் அதில் எனக்கு உள்ளூரப் பெருமை!

சேர்த்தேனே தவிர, ஒழுங்கு செய்தேனா? இல்லை. கைப்பேசி எல்லாவற்றுக்கும் ‘ஸ்கேன்’ என்றே பெயர் வைக்கும், பக்கத்தில் ஓர் எண் போடும். பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே கணினியில் கொட்டுவேன். ‘புதுசு’ என்று ஒரு கோப்புறை. அது நிரம்பியதும் ‘புதுசு இரண்டு’. பிறகு ‘அப்புறம் பார்க்க’. அதற்குள் இன்னொரு ‘புதுசு’. களத்துமேட்டில் நெல்லையும் கேழ்வரகையும் கடலையையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு, அம்பாரம் எவ்வளவு உயரம் பார் என்று மார்தட்டிக்கொண்டவன் நான்.

என் மனைவி மல்லிகா ஏனாத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் பேருந்தில் போய் வருகிறவள். என் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இன்னாங்க இது? மொளகாப்பொடி டப்பாவுக்குக் கூட நான் பேரு எழுதி ஒட்டி வெச்சிகீறேன். நீங்க இவ்ளோ பொஸ்தகத்த பேரே இல்லாம போட்டு வெச்சிக்கினு...”

மின்னூல்களை நிர்வகிக்கவென்றே மென்பொருள் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது என்றாள். ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், பொருள் என்று குறித்து வைக்கலாமாம். அட்டைப் படங்கள் கடையில் அடுக்கியதைப் போல வரிசையாகத் தெரியுமாம். ஒரே நூல் இரண்டு முறை இருந்தால் காட்டிக்கொடுக்குமாம். தலைப்பு மறந்துபோனாலும், ‘ஏரி’ என்றோ ‘மருத்துவம்’ என்றோ ஒரு சொல் கொடுத்தால் போதும், அந்தக் குறிப்புள்ள நூல்கள் எல்லாம் வந்து நிற்குமாம். வன்தட்டு கெட்டாலும் பிழைக்க இன்னொரு பிரதி எடுத்து வைப்பதும் சுலபமாம்.

நான் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். “எல்லாம் இங்க இருக்கு மல்லிகா. எனக்கு எதுக்கு மென்பொருள்?” என்றேன்.

எத்தனை திமிர் பாருங்கள்!

இனி கன்னியம்மாவைச் சொல்ல வேண்டும். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடும்பங்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்று அவளுடையது. எங்கள் நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவள். அவளுடைய மூத்த மகள்தான் தேவி. அந்தக் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முதல் பெண். நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லை. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் படித்ததில்லை. சான்றிதழ் வாங்கியதும் இல்லை. இவர்கள் இருளர்கள்தாம், இந்த ஊரில் காலங்காலமாக இருக்கிறவர்கள்தாம் என்று காட்ட ஏதாவது ஓர் ஆதாரம் வேண்டுமென்றார்கள்.

களை எடுத்த கையோடு வரப்பில் வந்து நின்று கன்னியம்மா சொன்னாள்: “எங்க அப்பன் ஏழுமலை மொகம் ஒரு பொஸ்தகத்துல கீதாம் ஐயா. எங்கம்மா சாவுற வரிக்கும் சொல்லிக்கினே இருந்திச்சி. நான் கைக்கொழந்தையா இருக்கசொல்லோ பூட்டாரு. நான் அவரு மொகத்த பார்த்ததே இல்ல.”

எனக்குச் சட்டென்று நினைவு வந்துவிட்டது! எங்கள் ஏரியைப் பற்றி ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ அச்சிட்ட சிறு நூல். நீல அட்டை, அதில் மதகின் படம். உள்ளே ஒரு புகைப்படம். ஏரிக்கரையில் எலி வளை விழுந்தால் மழைக்காலத்தில் கரை உடைந்துவிடும். ஆகவே வளைகளைத் தேடி எலியைப் பிடித்து அடைப்பது இருளர்களின் வேலையாக இருந்தது. கையில் கடப்பாரையோடு ஒரு வாலிபன். கீழே ‘எலி வளை அடைக்கும் இருளர் ஏழுமலை’ என்று அச்சாகியிருக்கும். நானே ஸ்கேன் செய்த நூல் அது.

“அது என்கிட்டதான் இருக்கு கன்னியம்மா! கவலையே படாதே!” என்றேன்.

வாயை மூடிக்கொண்டு முதலில் தேடிப் பார்த்திருக்கக் கூடாதா நான்? என்னிடம் இருக்கிறது என்று சொல்வதில் அப்படி என்ன அவசரம்? அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு ஏதோ தானம் செய்த திருப்தி.

அவள் அதை நம்பி, விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டாள். அவர் நல்ல மனிதர்; இதை நான் சொல்லியே ஆக வேண்டும். ‘அச்சில் வந்த நூல் என்றால் நல்ல ஆதாரம், நானே பார்க்கிறேன்’ என்று என் வீட்டுக்கே வந்தார். கூடவே ஊர்க்காரர்கள் சிலர். கன்னியம்மாவும் தேவியும் வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. இதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

கணினியைத் திறந்தேன். ‘புதுசு’. ஸ்கேன், ஸ்கேன், ஸ்கேன்... திரை முழுவதும் அதே பெயர். ‘ஏரி’ என்று தட்டித் தேடினேன். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? எந்தக் கோப்புக்கும் அப்படி ஒரு பெயரை நான் வைக்கவில்லையே! ஒன்றைத் திறந்தால் பஞ்சாங்கம். இன்னொன்றைத் திறந்தால் ஊறுகாய் செய்முறை. வேறொன்று முக்கால்வாசி வெற்றுப் பக்கங்கள். பின்னால் யாரோ, “நைனா தலையில தேடு நைனா, அங்கதான் எல்லாம் கீது” என்று சொல்ல, ஒரு சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று.

அதிகாரி சிரிக்கவில்லை. “பரவாயில்ல சார், நிதானமா தேடுங்க. அடுத்த வாரம் அனுப்பினாகூட போதும்,” என்றார்.

கேட்டீர்களா? எனக்கு ஒரு வழி இருந்தது! தலையாட்டியிருந்தால் போதும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்திருந்தால் ஒரு வாரத்தில் கிடைத்தே இருக்கும். ஆனால் ஒரு வாரம் ஊர் என்ன பேசும்? கடல் மாதிரி சேர்த்து வைத்திருக்கிறான், ஒன்றைக் கேட்டால் எடுக்கத் துப்பில்லை என்று பேசும். புத்தகம் தொலைந்தது என்றால் இழுக்கு எனக்கு. புத்தகமே கிடையாது என்றால்...?

“அப்படியொரு புத்தகம் இல்ல சார். நான் வேற எதையோ நெனச்சிக்கினு சொல்லிட்டேன்,” என்றேன்.

வாசலிலிருந்து கன்னியம்மா கேட்டாள். கோபமாகக் கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதைப் போலக் கேட்டாள்:

“அப்ப எங்கம்மா சொன்னது பொய்யா ஐயா?”

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “வயசானவங்க எதுனா ஆசைக்கு சொல்லுவாங்க கன்னியம்மா,” என்றேன். இதமாகச் சொன்னேன். அந்த இதத்தை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மீதே அருவருப்பு வருகிறது. என் கௌரவத்தைக் காப்பாற்ற, செத்துப்போன ஒரு தாயைப் பொய்க்காரி ஆக்கினேன்.

வேறு ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. கல்லூரியில் சேரும் நாள் கடந்து போயிற்று. தேவி இப்போது தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். நெற்றியில் விபூதியும் தோளில் பையுமாக ஏறுவாள். என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பாள். அவள் என்னை ஒரு முறையாவது முறைத்திருக்கக் கூடாதா!

அன்றைக்குப் பிறகு தேடியாவது பார்த்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. பொய் சொன்ன பிறகு தேடவே பயந்தேன். தேடினால் கிடைத்துவிடுமே! அந்த நூலைக் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்றால், அவர் காலமாகி, பிள்ளைகள் வீட்டை விற்று, இருந்த காகிதம் எல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. ஆக, அந்த ஏழுமலை உலகத்தில் மிஞ்சியிருந்தது என் குப்பைக்குள்தான்.

மல்லிகா மறுபடி மறுபடி மென்பொருளைப் பற்றிப் பேசினாள். நான் முன்னைவிட உக்கிரமாக மறுத்தேன். கணினி தாங்காது என்றேன். என் முறை எனக்கு என்றேன். உண்மையான காரணம் வேறு. எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டால் அந்த நீல அட்டையும் வெளியே வந்து நிற்கும். முன்பு சோம்பலால் வளர்ந்த குழப்பத்தை, பிறகு நான் வேண்டுமென்றே வளர்த்தேன். அதிகாரி வந்த அன்று அவள் கல்லூரியில் இருந்தாள். நடந்ததை அவளிடமும் நான் சொல்லவில்லை.

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாள் நான் கட்டோடு படுத்திருந்தேன். அந்த நாட்களில் அவள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தாள். எனக்கு மகிழ்ச்சி தரும் என்று நினைத்து, மென்பொருளை நிறுவி, ஒவ்வொரு நூலாகத் திறந்து பெயர் கொடுத்து, பொருள் குறித்து... பாவி, எத்தனை பொறுமை அவளுக்கு! கட்டுப் பிரித்து நான் எழுந்து உட்கார்ந்ததும் திரையைக் காட்டினாள். அட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. என் புத்தகங்களை முதல்முறையாக நான் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தன!

“இது ஒண்ணு பாருங்க,” என்று நீல அட்டையைத் திறந்தாள். “நம்ம ஏரியப் பத்தின பொஸ்தகம். உள்ள ஒரு போட்டோ கீது. அப்படியே நம்ம கன்னியம்மா ஜாடை! அதுகிட்ட காட்டணும்ங்க, இன்னா சொல்றீங்க?”

“காட்டலாம்” என்றேன். “நானே காட்டறேன்.”

இன்றுவரை காட்டவில்லை. காட்டினால், இது எப்போது கிடைத்தது என்று கன்னியம்மா கேட்க மாட்டாள். அவள் கேட்கிற வகை இல்லை. பார்த்துக்கொண்டே நிற்பாள். அதை என்னால் தாங்க முடியாது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

முடிந்துபோன கதை என்று நினைத்து விடாதீர்கள். சென்ற வாரம் கன்னியம்மா வந்தாள். அவளுடைய இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மறுபடியும் அதே சான்றிதழ், அதே கேள்வி. வழக்கம் போல வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள்:

“அந்த பொஸ்தகம் இல்லன்னு ஐயா சொல்லிட்டீங்கோ. எனுக்குத் தெரியும். வேற எதுனா வழி கீதா? நாலும் படிச்சவரு நீங்கோ.”

உள்ளே கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் நின்ற இடத்துக்கும் அதற்கும் நடுவில் நான் நின்றேன்.

“பார்க்கலாம் கன்னியம்மா” என்றேன்.

“சரி ஐயா” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் கரைமேல் ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே வந்து, ‘ஏரி’ என்று தட்டினேன். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. கடப்பாரையோடு ஏழுமலை வந்து நின்றான்.

தன் அப்பன் முகத்தை அவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. நான் தினமும் பார்க்கிறேன்.